ஆளாக்கி, விடுவது: சபையில் ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி பீரோவுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று என் சாவிக்கொத்தில் கிடந்தது. இன்னொன்று என் மேஜை டிராயரில் கிடந்தது. 11 வருஷம் இப்படித்தான் ஓடியது. பட அட்டை வேண்டுமா, கலர் பென்சில் வேண்டுமா, வருகைப் பதிவேடு வேண்டுமா, எதற்கும் என்னிடம்தான் வர வேண்டும். "அண்ணன் இல்லாட்டி சண்டே ஸ்கூலே நடக்காது" என்று ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பாராட்டுக்குள் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. அது புரிய எனக்கு ரொம்ப நாளானது.

ஒருவரை "ஆளாக்கி விட்டார்" என்று சொல்கிறோம். நம் சபைகளில் ஆளாக்குகிற வேலை ஓரளவு நடக்கிறது, விடுகிற வேலையில்தான் சறுக்குகிறோம். கொயர், ஜெபக்குழு, வாலிபர் ஐக்கியம், எதை எடுத்தாலும் 50 வயதைத் தாண்டிய ஒருவர் மைக்கைப் பிடித்திருப்பார். பக்கத்தில் 28 வயதுத் தம்பி ஒருவர் 10 வருஷமாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு பள்ளியில் ஒரு புது டீச்சரைப் பழக்குவதை வைத்து இதை எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். நீங்கள் கீபோர்டு வாசிக்கிறவரையோ வீட்டுக் கூட்டம் நடத்துகிறவரையோ பழக்குவதாக இருந்தால் அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் உங்களைப் பாருங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளை என்னிடம் கேட்காமலே ஒரு காரியத்தை என்னைவிட நன்றாகச் செய்துவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா, சுருக்கென்று இருக்குமா? எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அது இருப்பது தப்பில்லை. இருப்பது தெரியாமல் ஊழியம் செய்வதுதான் ஆபத்து. உங்கள் மனசுக்கு "நான் வேண்டப்படுகிறவன்" என்ற உணர்வு தேவைப்படும் வரைக்கும், பழக்குகிற பிள்ளையை உங்களை அறியாமலே சின்னப் பிள்ளையாகவே வைத்திருப்பீர்கள்.

யாத்திராகமம் 18-ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்க்கிறார். சோம்பேறி அல்ல, பதவி ஆசைக்காரரும் அல்ல. நம் சபையாக இருந்தால் சால்வை போர்த்தியிருப்போம். மாமனார் எத்திரோ பார்த்த உடனே சொல்கிறார்: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். "ஜனங்களும்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் அவர் களைத்துப்போவது எல்லாருக்கும் தெரியும். வரிசையில் காத்து நிற்கிறவர்களும் சோர்ந்துபோகிறார்கள் என்பது எத்திரோவின் கண்ணில்தான் பட்டது.

இயேசுவே "நான் போகிறது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும்" என்று சீஷர்களிடம் சொன்னார் (யோவான் 16:7). அவரே போவது நல்லது என்றால், நான் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில் என்ன குடி முழுகிப்போகும்?

படி 2: ஆளைத் தேடுங்கள், ஆனால் மேடையிலிருந்து அல்ல

பர்னபா சவுலை (பின்னால் பவுல் என்று அறியப்பட்டவர்) தேடித் தர்சுவுக்குப் போனார் என்று அப்போஸ்தலர் 11-ல் வருகிறது. விளம்பரம் கொடுத்துவிட்டு அந்தியோகியாவிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. நாமும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நன்றாகப் பேசுகிறவர்தான் என் கண்ணில் முதலில் படுவார். இப்போது வேறு விஷயங்களைக் கவனிக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகு யார் நின்று பாய் சுருட்டுகிறார்? அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்? யாருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிந்திருக்கிறது? பேச்சைப் பழக்கிவிடலாம், பிள்ளைகள் மேலுள்ள பாசத்தைப் பழக்குவது கடினம்.

ஆராதனை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக "தங்கச்சி அடுத்த வாரம் பாடம் எடுப்பாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். இத்தனை பேர் முன்னால் யாரால் மறுக்க முடியும்? தனியாகச் சொல்லுங்கள். "உனக்குத் தாலந்து இருக்கு" என்ற பொதுவான வார்த்தை வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்: "போன வாரம் அந்தக் கடைசி வரிசைப் பையன்களோட நீ தரையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தியே, அதைப் பார்த்தேன்." முதல் தன்னம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். வேண்டாம் என்றால் அதோடு சரி. அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: முடியும் தேதியை முதல் நாளே பேசுங்கள்

என்ன வேலை, வாரத்தில் எப்போது சந்திப்போம், எத்தனை மாசம், நான் எப்போது விலகுவேன் என்ற நாலையும் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நான் ஜூனில் தொடங்கி அடுத்த மே மாசத்து வி.பி.எஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) முடிப்பேன். "மே மாசம் நீ நடத்துவ, நான் இருக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். கேட்டதும் அவர்கள் முகம் வெளிறும். பரவாயில்லை.

ஆயருக்கும் வீட்டாருக்கும் தெரிய வேண்டும். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் என்றால் வீட்டுக்கே போய், எத்தனை மணிக்கு வருவாள், யாரோடு இருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு பிள்ளை விஷயத்தில் நான் இதைச் செய்யாமல் விட்டேன். வீட்டில் கிளம்பிய ஒரே ஒரு சந்தேகத்தில் எட்டு மாச உழைப்பு வீணாய்ப் போனது.

படி 4: கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றுங்கள்

முதல் இரண்டு மாசம் அவர்கள் பார்க்கட்டும். சும்மா பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. வகுப்பு முடிந்ததும் 15 நிமிஷம் உட்கார்ந்து ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். "அந்தப் பையன் பேசிக்கிட்டே இருந்தான், அதான் அவன்கிட்ட பட அட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்." சறுக்கிய இடத்தையும் சொல்லுங்கள். நீங்கள் சறுக்குவீர்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும்.

அடுத்த இரண்டு மாசம் சேர்ந்து செய்யுங்கள். முதலில் பாட்டு, பிறகு மனப்பாட வசனம், பிறகு கதை. ஜெராக்ஸ் எடுப்பது, பிஸ்கட் வாங்குவது என்று உங்களுக்குப் பிடிக்காத எடுபிடி வேலைகளை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வது நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வது.

அக்டோபரிலிருந்து அவர்கள் எடுக்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஜனவரிக்குப் பிறகு வெளியே உட்காருங்கள். வராந்தாவில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைக் காதால் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மே மாசம் 10 நாள் வி.பி.எஸ் முழுக்க அவர்கள் பொறுப்பு.

முடிந்தால் இரண்டு பேரைச் சேர்த்துப் பழக்குங்கள். இயேசு பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் (மாற்கு 6:7). இரண்டு பேர் இருந்தால் சந்தேகத்தை முதலில் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள், உங்களிடம் ஓடி வருவது பாதியாகக் குறையும். அதே அதிகாரத்தில் 5,000 பேர் பசியோடு இருக்கும்போது "நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்" என்கிறார். சக்திக்கு மீறிய வேலையைக் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விடவில்லை. பந்தி பரிமாறியது அவர்கள் கைதான்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். 11 வருஷக் குறிப்பு நோட்டுகளை ஒரு தம்பியிடம் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன். அவன் என் உதாரணங்களையும் என் ஜோக்குகளையும் அப்படியே வாசித்தான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது, கோலியாத்தோடு சண்டைக்குப் போன தாவீதுக்குச் சவுல் ராஜா போட்டுவிட்ட சர்வாயுதம் ஞாபகத்துக்கு வந்தது. தாவீது அதைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "இந்த அப்பியாசம் எனக்கில்லை" என்று கழற்றி வைத்துவிட்டு, ஆற்றில் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். என் தம்பிக்கு அதைச் சொல்லும் தைரியத்தை நான் கொடுத்திருக்கவில்லை. இப்போது வேதபகுதியையும், பிள்ளைகள் எதை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரு வரியையும் மட்டும் கொடுக்கிறேன். கூழாங்கல்லை அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும்.

படி 5: தடுமாறும்போது உட்கார்ந்திருங்கள்

இந்தத் திட்டமெல்லாம் என்னிடம் இல்லாத காலத்தில் ஒரு தங்கை, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதையை எடுத்தாள். அவளுக்கு அதுதான் முதல் வகுப்பு. எதிரே 23 பிள்ளைகள். காட்டத்தி மரம் வரைக்கும் நன்றாகப் போனது. அப்போது ஒரு பொடியன், "அக்கா, வேட்டி கட்டிக்கிட்டு மரத்துல எப்படி ஏறுனான்?" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குக் கதை மறந்துபோனது. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். பத்து நொடி இருக்கும்.

நான் எழுந்தேன். நேரே போய் அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, மரத்தை வரைந்து, சகேயுவை ஏற்றி, இறக்கி, அஞ்சு நிமிஷத்தில் கதையை முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் சுவரோரமாக நின்று விரல்களில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆறு வாரம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க நல்லாத்தான் சொன்னீங்க அண்ணே. அதான்" என்றாள்.

அந்த "அதான்" இன்னும் காதில் இருக்கிறது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அவளால் முடியாது என்று 23 பேர் முன்னால் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது மனசுக்குள் 30 வரைக்கும் மெதுவாக எண்ணுகிறேன். பெரும்பாலும் 15-க்குள் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணாமல் எழுந்திருக்க வேண்டிய நேரமும் உண்டு: ஒரு பிள்ளைக்கு அடிபடும்போது, ஒரு பிள்ளையை அவமானப்படுத்தும்போது. யோசேப்புக்குப் பத்துச் சகோதரர்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டால் வானம் இடிந்து விழாது. அடுத்த வாரம் அவர்களே "போன வாரம் தப்பாச் சொல்லிட்டேன், பதினொண்ணு" என்று திருத்தட்டும். டீச்சருக்கும் தப்பு வரும் என்று பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

திருத்துவது தனியாக. மாற்கு 9-ல் சீஷர்களால் ஒரு பையனைக் குணமாக்க முடியாமல் போகிறது. ஏன் முடியவில்லை என்று வீட்டுக்குள் வந்த பிறகு தனியாகக் கேட்கிறார்கள், அங்கேதான் அவரும் விளக்குகிறார். "எந்த இடம் உனக்கே நல்லா இருந்துச்சு?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் "எங்க தடுக்குச்சு?" கடைசியாக உங்கள் பங்குக்கு ஒரே ஒரு திருத்தம். ஏழு தோன்றினாலும் ஒன்றுதான்.

படி 6: எந்தக் கேள்விக்குப் பதில், எந்தக் கேள்விக்குக் கேள்வி

"அண்ணே, என்ன பண்ணட்டும்?" என்று ராத்திரி போன் வரும். அது எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். மைக் செட்டுக்காரர் நம்பர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அங்கே தத்துவம் பேசாதீர்கள். பாடத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டால் "நீ ரெண்டு வழி யோசிச்சுச் சொல்லு" என்று திருப்புங்கள். எந்த வேலைக்குப் போகலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று கேட்டால் கூட உட்கார்ந்து கேளுங்கள், ஜெபியுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். "கர்த்தர் உன்னைக் குறித்து எனக்குக் காண்பித்தார்" என்று சொல்லி ஒரு இளைஞரின் படிப்பையும் கல்யாணத்தையும் தீர்மானிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் 35 வயதிலும் ஒரு செல்போன் வாங்குவதற்குக்கூட அனுமதி கேட்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் பணிவு மாதிரித் தெரியும்.

சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியைப் பாருங்கள். கண் மங்கிய வயசாளி, தன் பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர். ஆனால் சிறுவன் சாமுவேல் மூன்று தடவை ஓடி வந்தபோது, "கர்த்தர் என்ன சொன்னார் என்று நான் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவில்லை. போய்ப் படுத்துக்கொள், கூப்பிட்டால் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல் என்று திருப்பி அனுப்பினார். காலையில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்தது ஏலியின் வீட்டுக்கு எதிரான வார்த்தை. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பழக்கிய பிள்ளை உங்களுக்கு எதிராக ஒரு உண்மையைச் சொன்னால் உங்களால் உட்கார்ந்து கேட்க முடியுமா?

படி 7: ஓடிப்போனவரைத் திரும்பச் சேர்ப்பது

பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், கூடப் போன மாற்கு என்னும் யோவான் பெர்கேயிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டாம் பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா, வேண்டாம் என்றார் பவுல். கடும் வாக்குவாதமாகி இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பல வருஷம் கழித்து அதே பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் (2 தீமோத்தேயு 4:11).

பவுல் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பாதியில் விட்டவரை மறுபடி அதே ஆபத்தான பயணத்துக்குக் கூப்பிடுவது விளையாட்டல்ல. பர்னபா அவரைக் கூட்டிப்போன இடத்தைக் கவனியுங்கள். சீப்புரு பர்னபாவின் சொந்த ஊர், மாற்கு ஏற்கெனவே போய் வந்த தீவு. தெரிந்த இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். அந்தத் தங்கை திரும்பி வந்தபோது நானும் அவளிடம் 23 பேரைக் கொடுக்கவில்லை. ஆறு பேர் கொண்ட பாலர் வகுப்பைக் கொடுத்தேன். அதே சகேயு கதைதான். இந்தத் தடவை வேட்டிக் கேள்வியை அவளே பிள்ளைகளிடம் கேட்டுச் சிரிக்க வைத்தாள்.

படி 8: வேலையோடு அதிகாரத்தையும் கொடுங்கள்

மோசேக்கு அடுத்த தலைவனாக யோசுவாவை நியமிக்கும்போது ஆண்டவர் மோசேயிடம், சபையார் அவனுக்குக் கீழ்ப்படியும்படி "உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு" என்கிறார் (எண்ணாகமம் 27:20). எல்லார் முன்பாகவும் கொடுக்கச் சொல்கிறார். தனியாக உற்சாகப்படுத்திவிட்டுச் சபையில் வாயே திறக்காமல் இருந்தால், டீக்கன்மாரும் பெற்றோரும் எப்போதும் போல உங்களிடமே வருவார்கள். அப்படி வந்தால் "தங்கச்சிகிட்ட கேளுங்க, அவங்க பொறுப்பு" என்று அனுப்புங்கள். கொரிந்து சபைக்குப் பவுல் அதைத்தான் எழுதினார்: தான் பழக்கிய தீமோத்தேயு வந்தால் பயமில்லாமல் இருக்கப் பாருங்கள், யாரும் அவனை அற்பமாக எண்ண வேண்டாம்.

பணத்தையும் கொடுங்கள். வி.பி.எஸ் பிஸ்கட் செலவுக்கு 2,000 ரூபாயைக் கொடுத்து, கணக்கை மட்டும் கேளுங்கள். எந்தக் கடையில் வாங்குவது என்று சொல்லாதீர்கள்.

நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் சி.எம்.எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபைகள் தங்களைத் தாங்களே நடத்தி, தாங்கி, பரப்ப வேண்டும், மிஷன் ஒரு நாள் ஓய்ந்துபோக வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார். அது தாளில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. ச. அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் எழுந்து பேசியபோது, நீங்கள் தியாகங்கள் பல செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. 1912-ல் 38 வயதில் அவரை ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் செய்வதற்கும் எதிர்ப்பு இருந்தது, வெள்ளைக்காரர்களிடமிருந்து மட்டும் அல்ல. இந்தியர் தயாராகவில்லை என்று சொன்னார்கள். அந்த மனிதர் 1903-லேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். "இன்னும் தயாராகவில்லை" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரும்போது, யார் தயாராகவில்லை என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

படி 9: எல்லைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் சலுகை கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பூட்டிய அறையில் தனியாகச் சந்திக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளைப் பழக்க முடிந்தவரை ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோ என்ற பிரசங்கியைத் தம்பதியாகச் சேர்த்தே அழைத்துத் திருத்தமாய் விளக்கினார்கள், அந்த முறை நல்ல முறை. கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால் அது சபைக்குள் பேசித் தீர்க்கிற விஷயமல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மன அழுத்தம், தற்கொலை எண்ணம் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

படி 10: சொன்ன தேதியில் விலகுங்கள்

வி.பி.எஸ் முடிந்த ஞாயிறு, சபை முன்பாக ஜெபித்து ஒப்புக்கொடுங்கள். அடுத்த ஞாயிறு வேறு இடத்தில் உட்காருங்கள். நான் மூன்று மாசம் ஞாயிறு பள்ளிப் பக்கமே போகாமல் காணிக்கை எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பாட்டை மாற்றுவார்கள், வரிசையை மாற்றுவார்கள், நீங்கள் ஆசையாக வாங்கி வைத்த, படங்களை ஒட்டிக் கதை சொல்லும் ஃபிளானல் போர்டைப் பரணில் போடுவார்கள். கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லுங்கள். மாசம் ஒரு தடவை டீ குடிக்கக் கூப்பிடுங்கள். அங்கே அவர்கள் வீட்டு நலம், வேலை, தூக்கம் பற்றிக் கேளுங்கள், வகுப்பைப் பற்றி அவர்களாகப் பேசினால் பேசட்டும்.

சகேயு கதை எடுத்த அந்தத் தங்கைதான் இப்போது எங்கள் ஞாயிறு பள்ளியை நடத்துகிறாள். பொறுப்பைக் கொடுத்த அன்று சபை முன்பாகப் பீரோ சாவியையும் கொடுத்தேன். டிராயரில் இருந்த இன்னொன்றை "அவசரத்துக்கு" என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமலே வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் அவசரம் எதுவும் வரவில்லை. போன ஜூலையில் அவள் புதிதாக ஒரு தம்பியைப் பழக்கத் தொடங்கினாள். என்னிடம் வந்து, "அண்ணே, இவனுக்கும் ஒரு சாவி வேணும். கடையில கொடுத்து நகல் எடுக்கப்போறேன், உங்ககிட்ட சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இது இத்தனை நாளா இங்கயா இருந்துச்சு?" என்றாள்.